மோசெல் கரைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

ஜெர்மனியில் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

பள்ளி விடுமுறைத் தேதி தெரிந்ததும் நம் வீடுகளில் தொடங்கும் பேச்சு எனக்கும் அத்துப்படி. பாரிஸ் பார்த்தாயிற்று. டிட்லிஸ் ஏறிப் பனியில் நின்று படம் எடுத்தாயிற்று. ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போதெல்லாம் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஒரு நடை போய் வந்தாயிற்று. அடுத்து எங்கே என்றால் ஆளுக்கொரு விமான டிக்கெட் விலை சொல்கிறோம். நான் சொல்லப்போவது விமானமே வேண்டாத இடம். கெல்லரில் தூசி படிந்து நிற்கிற சைக்கிள்களுக்குக் காற்றடித்து மேலே கொண்டுவாருங்கள். ட்ரியர் நகரத்தில் ஏறி உட்கார்ந்து, மோசெல் ஆறு போகிற போக்கிலேயே கோப்ளென்ஸ் வரை மிதியுங்கள்.

இதைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். ஹம், டோர்ட்முண்ட் பக்கத்து ஈழத்து அண்ணன்மார், "அது வைன் ஊரெல்லோ, பிள்ளையளோட போற இடமே?" என்பார்கள். மியூனிக், ஸ்டுட்கார்ட் பக்கத்து ஐ.டி. நண்பர்கள், "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? ரெண்டு நாள்ல முடிச்சிடலாமா?" என்று கேட்பார்கள். முதல் கேள்வியில் தயக்கம், இரண்டாவதில் அவசரம். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

தயக்கத்தை முதலில் பார்ப்போம். மோசெல் கரையில் நீங்கள் காணப்போவது முழுக்க முழுக்க விவசாயம். ஒயின் அந்த மண்ணின் விளைச்சல், அவ்வளவுதான். தஞ்சாவூருக்குப் போகிறவர் நெல் வயலைப் பார்ப்பது போல இங்கே திராட்சையைப் பார்க்கப் போகிறீர்கள். பூக்கும் காலத்தில் மழை பெய்து கெடுத்ததா, ஏப்ரலில் பனி விழுந்து குருத்தைக் கருக்கியதா, மகன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வானா, இல்லை ஃப்ராங்க்ஃபர்ட்டில் வேலை தேடிப் போய்விட்டானா — அந்த ஊர்ப் பெஞ்சுகளில் நடக்கும் பேச்சு இதுதான். நம் அப்பா தாத்தா பேசிய பேச்சுதான். ஒரு சொட்டு ஒயின் நாக்கில் படாமல் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்துவிட்டு வரலாம். அதே திராட்சையைப் பிழிந்து சாறாகப் புட்டியில் அடைத்தும் விற்கிறார்கள். ரீஸ்லிங் என்ற வகைத் திராட்சையின் சாற்றை ஒருமுறை குடித்த பிள்ளைகள் சூப்பர் மார்க்கெட் சாற்றைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இனி அவசரக்காரர்கள். ட்ரியருக்கும் கோப்ளென்ஸுக்கும் இடையே காகம் பறக்கிற தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆற்றோடு போனால் கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. காரணம், மோசெல் நேராக ஓடத் தெரியாத ஆறு. ஐஃபெல் மலைக்கும் ஹுன்ஸ்ருக் மலைக்கும் இடையே, தரை மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே வந்த காலம் முழுக்க, தன் பழைய வளைவுகளை விடாமல் பாறைக்குள் அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. காலையில் ஒரு கோட்டையை வலப்பக்கம் பார்த்துவிட்டுக் கிளம்புவீர்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்த பிறகு அதே கோட்டை மலைக்குப் பின்னாலிருந்து இடப்பக்கம் எட்டிப் பார்க்கும். கோஹெம் அருகே ரயில்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. மலையைக் குடைந்து 4,205 மீட்டர் நீளத்துக்குக் கைசர் வில்ஹெல்ம் சுரங்கத்தைப் போட்டு 1879இல் திறந்தார்கள். ரயில் சில நிமிடங்களில் இருட்டுக்குள் கடந்துவிடுகிற அந்த இடத்தை ஆறு இருபது கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு வருகிறது. பைல்ஷ்டைன் போன்ற அழகான ஊர்கள் அந்தச் சுற்றில்தான் இருக்கின்றன. இரண்டு நாளில் முடிப்பதுதான் நோக்கம் என்றால் ரயிலே போதும், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும்.

சைக்கிள் பாதை தண்ணீர் ஓரமாகவே போவதால் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மூன்று கியர் வைத்த வீட்டு சைக்கிளே தாங்கும். சில இடங்களில் பாதை பழைய ரயில் தடத்தின் மேல் போகிறது. 1903 முதல் 1905க்குள் ட்ரியரிலிருந்து புல்லாய் வரை ஆற்றங்கரை ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஓர் உள்ளூர் ரயில் போட்டிருந்தார்கள். பயணிகளுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்ததால் ஊர்மக்கள் அதற்கு 'குடிகார ரயில்' என்ற பொருளில் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். 1960களில் அது மூடப்பட்டது. இன்று அந்தத் தடத்தில் குழந்தைகள் உதவிச் சக்கரம் போட்ட சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

ஆறு இவ்வளவு அமைதியாக, ஏரி போல நிற்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது கட்டிப்போடப்பட்ட அமைதி. லொரைனின் இரும்பாலைகளுக்கு ரைன் நதியோடு கப்பல் வழி வேண்டுமென்று பிரான்ஸ் கேட்டது. 1956இல் பிரான்ஸ், ஜெர்மனி, லக்ஸம்பர்க் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. 1964 மே மாதம் ஆற்றைத் திறந்துவைத்தார்கள். ட்ரியரிலிருந்து கோப்ளென்ஸ் வரை பத்து தடுப்பணைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கப்பலை ஏற்றி இறக்க ஒரு லாக். ஸெல்டிங்கனிலோ எங்கிர்ஹிலோ பிள்ளைகளோடு அரைமணி நேரம் நின்று பாருங்கள். நூறு மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் பன்னிரண்டு மீட்டர் அகலமுள்ள தொட்டிக்குள் நுழையும். இரண்டு பக்கமும் ஒரு கை நுழையும் இடம்கூட மிச்சமிருக்காது போலத் தெரியும். பின்னால் கதவு மூடும். தண்ணீர் வடிய வடிய, கண்ணுக்கு நேரே நின்ற மாலுமி கொஞ்சம் கொஞ்சமாக நம் காலுக்குக் கீழே போவார், வீட்டுக் கொடியில் துணி காயப்போடுகிற சாவகாசத்தோடு கயிற்றை ஒவ்வொரு முளையாக மாற்றிக்கொண்டே. 2024 டிசம்பரில் ம்யூடென் லாக்கில் ஒரு கப்பல் கதவை இடித்து நொறுக்கியபோது, மேலே எழுபது கப்பல்கள் வரை சிக்கிக்கொண்டு ஆற்றுப் போக்குவரத்தே முடங்கியது. ஒரு கதவு போனால் மூன்று நாட்டுச் சரக்கு நிற்கும், அப்படிப்பட்ட ஆறு இது.

இனி சரிவுகளுக்கு வருகிறேன். இந்த மடல் எழுதக் காரணமே அவைதான்.

ட்ரியரை விட்டு லைவென், ட்ரிட்டன்ஹைம் பக்கம் வரும்போது சைக்கிளை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஒரு கொடிக்குக் கிட்டே போய்ப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை தலைக்கு மேல் பந்தலில் தொங்கும். இங்கே செங்குத்துச் சரிவுகளில் ஒவ்வொரு கொடிக்கும் ஆளைவிட உயரமான ஒரு மரக்கம்பு. குளிர்காலத்தில் கொடியை மொட்டையடித்து நீளமான இரண்டு கிளைகளை மட்டும் விட்டுவைப்பார்கள். பிறகு ஈரமான ஒரு நாளாகப் பார்த்து — வறண்ட நாளில் வளைத்தால் கிளை ஒடிந்துபோகும் — ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வளைத்து நுனியைக் கம்போடு சேர்த்துக் கட்டுவார்கள். கட்டி முடித்த கொடி இதயம் போல இருக்கும். சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். கட்டுகிறவருக்கு அதில் காதலும் இல்லை, அழகும் இல்லை. கம்பி இழுத்து வரிசை போட்டால் சரிவில் மேலும் கீழுமாக மட்டும்தான் நடக்க முடியும். தனிக்கம்பு என்றால் குறுக்கேயும் நடக்கலாம், மூச்சு கொஞ்சம் மிஞ்சும். கணக்கு அதுதான்.

காலுக்குக் கீழே கிடக்கிற சில்லுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் நம்மில் பலர் எழுதிப் பழகிய அதே சிலேட்டுக் கல். டெவோனியன் காலத்துக் கடலடிச் சேறு இறுகி, சுமார் நாற்பது கோடி ஆண்டுக்கு முன் உருவானது. பகல் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடிக்கு விடும். மழைத் தண்ணீரைத் தேங்க விடாது. ஐம்பதாவது அட்சரேகை ஓடுகிற இந்தக் குளிர்ந்த ஊரில், ரீஸ்லிங் போலத் தாமதமாகப் பழுக்கும் திராட்சை பழுக்கிறது என்றால் இந்தக் கல்லும், தெற்குப் பார்த்த சரிவும், கீழே வெயிலைத் திருப்பி அடிக்கும் தண்ணீரும் கூடிச் செய்கிற வேலை. அதனால்தான் ஆற்றின் ஒரு கரை முழுக்கக் கொடியும் எதிர்க்கரை முழுக்கக் காடுமாக இருக்கும். சைக்கிள்காரர்களுக்கு ஒரு குறிப்பு: காட்டுப் பக்கப் பாதையைப் பிடியுங்கள். நிழலும் கிடைக்கும், எதிரே தோட்டம் முழுவதும் விரித்து வைத்தது போலத் தெரியும். தோட்டத்தின் அடியிலேயே போனால் சுவரைத்தான் பார்ப்பீர்கள்.

ப்ரெம் ஊருக்கும் எடிகர்-எல்லருக்கும் நடுவே கால்மோன்ட் சரிவு வரும். ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று அதைச் சொல்வார்கள். சில இடங்களில் அறுபது டிகிரியைத் தாண்டும். அங்கே டிராக்டருக்கு வேலையில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் வைத்து ஏறுகிற சின்ன வண்டி ஒன்று உண்டு. ஆளும் அறுவடைப் பெட்டியும் அதில்தான் போய்வர வேண்டும். மருந்தடிக்க ஹெலிகாப்டர் வந்தது, இப்போது ட்ரோன் வருகிறது. மற்றதெல்லாம் கை. அறுவடைக்குப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சமவெளியில் இயந்திரம் ஒரு காலையில் முடிக்கிற வேலைக்கு இங்கே ஒரு கூட்டமே வேண்டும். கடையில் புட்டி விலையோ அந்த அளவுக்கு ஏறுவதில்லை. கால்மோன்டுக்கு எதிரே நின்று பார்த்தால் பச்சைக்கு நடுவே முள்ளும் புதரும் மண்டிய திட்டுகள் தெரியும். கைவிட்ட தோட்டங்கள். எண்பது வயதுக்காரர் ஒருவர் இனி ஏற முடியாதென்று நிறுத்தியிருப்பார், எடுத்துச் செய்ய ஆள் வந்திருக்காது. மலையேற்றம் பிடித்தவர்கள் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு, கம்பி பிடித்து ஏறும் நடைபாதையில் அந்தச் சரிவைக் குறுக்கே கடந்து பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

இடதுசாரிக் குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ட்ரியருக்கு அவர்கள் போகாமல் இருப்பதில்லை. ப்ரூக்கன் தெருவில் 1818இல் மார்க்ஸ் பிறந்த வீடு, 2018இல் சீனா அனுப்பிவைத்த ஐந்தரை மீட்டர் சிலை, பக்கத்திலேயே ரோமர் கட்டிய கருங்கோட்டை வாசல் போர்ட்டா நிக்ரா, ஒரு குடும்பப் படம், அப்புறம் வண்டியைத் திருப்பிவிடுகிறோம். தோழர்களே, அந்த ஊரிலிருந்து ஆற்றோடு கீழே நாற்பது கிலோமீட்டர் போகாமல் திரும்பினால் பாதிக் கதையைத்தான் பார்த்தீர்கள். நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1815இல் மோசெல் பிரஷ்யாவின் கைக்கு வந்தது. முதலில் சுங்கச்சுவரின் காப்பில் திராட்சைக்காரர்களுக்கு நல்ல காலம், புதுக் கொடி நட்டார்கள், கடன் வாங்கினார்கள். பிறகு சுங்க ஒன்றியம் வந்தது, தெற்கு ஜெர்மன் மாநிலங்களின் மலிவு ஒயின் உள்ளே நுழைந்தது, விலை விழுந்தது, வரி மட்டும் விழவில்லை. கொலோனில் 'ரைனிஷே ட்ஸைட்டுங்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த இருபத்து நான்கு வயது மார்க்ஸ், இந்த ஊர்களின் துயரத்தை எழுதிய செய்தியாளரை அரசு பொய்யர் என்று சொன்னபோது, 1843 ஜனவரியில் அதற்குப் பதிலாகத் தொடர் கட்டுரை எழுதினார். அந்த வசந்தத்திலேயே பத்திரிகை மூடப்பட்டது. பொருளாதாரக் கேள்விகள் பக்கம் தன்னை முதலில் தள்ளியவற்றில் மோசெல் விவசாயிகளின் நிலையும் ஒன்று என்று அவரே பின்னாளில் 1859இல் எழுதினார். ஏழை விவசாயிக்கும் சந்தைக்கும் அதிகாரிக்கும் நடுவே நடந்த அந்த வழக்கின் சாட்சிகள் இன்றும் சரிவில் நிற்கின்றன. சிலையைவிட எனக்கு அவைதான் முக்கியம்.

வழியில் வேறு என்னவெல்லாம் உண்டு என்று முழுப் பட்டியல் போட மாட்டேன், கையேடுகள் இருக்கின்றன. நொய்மாகன் ஊரில் ஒயின் பீப்பாய் ஏற்றிய படகு ஒன்றைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டு ரோம வணிகர் ஒருவரின் கல்லறைச் சிற்பம் அது, நிஜமானது ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுக்கான் பிடிக்கிறவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார், பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பீஸ்போர்ட்டில் 1985இல் ரோமர் காலத்துத் திராட்சை பிழியும் தொட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். க்ரோவ் ஊரின் ஒயின் புட்டி லேபிளில், திருட்டுத்தனமாகக் குடித்த பையனுக்கு நிர்வாணப் பிட்டத்தில் அடி விழுகிற படம். அதை உங்கள் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெர்ன்காஸ்டல்-கூஸில் மட்டும் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எல்லாரும் பெர்ன்காஸ்டல் பக்கத்து மரச்சட்ட வீடுகளுக்கு நடுவே ஐஸ்கிரீமோடு நிற்பார்கள். நீங்கள் பாலம் தாண்டிக் கூஸ் பக்கம் போங்கள். அங்கே படகுக்காரர் ஒருவரின் மகனாக 1401இல் பிறந்து கார்டினலாக உயர்ந்த நிக்கோலாஸ், பூமி அசையாத மையம் என்பதைக் கோப்பர்நிகஸுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே மறுத்தவர். அவர் தன் ஊருக்கு விட்டுப்போனது ஒரு முதியோர் இல்லம். 1458இல் நிறுவினார். இயேசு வாழ்ந்த ஆண்டுக் கணக்கில் 33 முதியவர்களுக்கு இடம், அதில் பெரும்பங்கு சாதாரண மக்களுக்கு. திராட்சைத் தோட்ட வருமானம் அதைக் காப்பாற்றியது. ஐந்தரை நூற்றாண்டுக்குப் பிறகும் அங்கே முதியவர்கள் வாழ்கிறார்கள். அவர் புதைக்கப்பட்டது ரோமில், இதயம் மட்டும் இங்கே தேவாலயத் தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே அவருடைய நூலகம், பழைய ஏடுகளோடு.

கூஸைத் தாண்டி ஒரு மணி நேரம் மிதித்தால் தலைக்கு மேலே ஹோஹ்மோசெல் பாலம். 1,702 மீட்டர் நீளம், ஆற்றிலிருந்து 160 மீட்டர் உயரம், 2019 நவம்பரில் திறந்தது. ஹ்யூ ஜான்சன் போன்ற ஒயின் எழுத்தாளர்கள் கட்டவே கூடாதென்று எதிர்த்தார்கள். மலை உச்சியில் தோண்டினால் கீழே சரிவுகளின் நீரோட்டம் கெடும் என்பது தோட்டக்காரர்களின் அச்சம். பாலத்தில் போகிற கார்க்காரருக்குக் கீழே உலகத்தின் பேர்பெற்ற சில தோட்டங்கள் கிடப்பது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துபோகிற காட்சி. எனக்கு அந்தப் பாலம் பிடிக்கவில்லை. பொறியாளர்களாகிய நீங்கள் அதன் தூண்களைப் பார்த்து வியப்பீர்கள் என்பதும் தெரியும், வியந்துகொள்ளுங்கள்.

ப்ருட்டிக் ஊரைக் கடக்கும்போது சற்று மெதுவாகப் போங்கள். ரயில் ஓடாமலே கிடந்த ஒரு சுரங்கத்தைப் போர்த் தொழிற்சாலையாக மாற்ற, 1944இல் நாஜிகள் இங்கும் அடுத்த பள்ளத்தாக்குப் பக்கம் ட்ரைஸிலும் வதைமுகாம் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். பலர் அதிலேயே மாண்டார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள். அழகான பள்ளத்தாக்கில் நடந்தது என்பதால் மறைக்க வேண்டியதில்லை.

சாப்பாடு. நம் ஆட்கள் முதலில் கேட்பதை இவ்வளவு தள்ளி வைத்ததற்கு மன்னிக்கவும். ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்று ஓர் ஏற்பாடு உண்டு. திராட்சைக்காரர் தன் வீட்டு முற்றத்திலோ கொட்டகையிலோ ஆண்டுக்கு நான்கு மாதம் வரை, நாற்பது இருக்கைகளுக்கு மிகாமல், தன் ஒயினையும் எளிய சாப்பாட்டையும் ஹோட்டல் உரிமம் இல்லாமல் விற்கலாம். வாசலில் கட்டிய இலைக்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டம்மாவே பரிமாறுவார். மேசை தனியாகக் கிடைக்காது, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார வேண்டும். ஆண்டுக்கணக்கில் இங்கே இருந்தும் ஜெர்மன்காரர்கள் பேசுவதில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோமே, அந்த பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். எங்கிருந்து மிதித்து வருகிறீர்கள் என்று அவர்களே தொடங்குவார்கள்.

சைவக்காரர்களுக்கு எச்சரிக்கை: வெங்காயக் கேக்கிலும் ஃப்ளாம்கூஹனிலும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "ஓனே ஷ்பெக்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முன்னமே செய்து வைத்திருந்தால் எடுக்க முடியாது. அப்போது பாலாடைக்கட்டித் தட்டும் ரொட்டியும் வறுத்த உருளைக்கிழங்கும்தான் கதி, அந்த உருளைக்கிழங்கிலும் இதே கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ஊறுகாய்ப் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களை நான் ஒருபோதும் கேலி செய்ததில்லை.

குடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சைக்கிள்தானே என்று நினைக்காதீர்கள். இரத்தத்தில் 1.6 ப்ரோமில் இருந்தால் சைக்கிள் ஓட்டுவதும் குற்றம், கார் உரிமம் வரை கை வைப்பார்கள். தள்ளாடினாலோ விபத்து நடந்தாலோ 0.3இலேயே மாட்டலாம். ஆகவே மதியம் சாறு, சைக்கிளைப் பூட்டிய பிறகு மாலையில் ஒயின். செப்டம்பர் கடைசியில் வருகிற ஃபெடர்வைஸர், அதாவது இன்னும் நொதித்துக்கொண்டிருக்கிற புது ஒயின், இளநீர் போல இனிப்பாக இறங்கும். அதை நம்பவே நம்பாதீர்கள்.

நாள் கணக்கு இப்படிப் போடலாம். ட்ரியரிலிருந்து பீஸ்போர்ட் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து பெர்ன்காஸ்டல் சுமார் இருபது, அடுத்து ட்ராபன்-ட்ரார்பாக் சுமார் இருபத்தைந்து. பெரியவர்கள் மட்டும் என்றால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம், பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். ட்ராபனிலிருந்து செல் இருபதுக்குள். செல்லிலிருந்து கோஹெம் நாற்பதுக்குச் சற்றுக் குறைவு, கால்மோன்டும் பைல்ஷ்டைனும் அன்றுதான் வரும் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். கடைசி நாள் கோஹெமிலிருந்து கோப்ளென்ஸ் ஐம்பது. நடுவே மோசெல்கெர்னில் இறங்கி எல்ட்ஸ் கோட்டைக்குக் காட்டு வழியாக நடக்க ஆசைப்பட்டால் அந்த நாளை இரண்டாக உடையுங்கள். கால் வலித்தால் வெட்கப்படாமல் ரயில் ஏறுங்கள். கோஹெம் அருகே ஆறு சுற்றுகிற இடம் தவிர, கோப்ளென்ஸ் முதல் புல்லாய் வரை ஊருக்கு ஊர் நிலையம் உண்டு, புல்லாயிலிருந்து ட்ராபனுக்குக் கிளை ரயிலும் உண்டு. மேலே பெர்ன்காஸ்டல் பக்கமும் ரயில் இல்லை. அங்கிருந்து டௌன் ஊருக்குச் சைக்கிள் ட்ரெய்லர் கட்டிய பேருந்து போகிறது. அதில் ஏறி ஐஃபெல் உச்சிக்குப் போய், பழைய ரயில் தடத்தில் சுரங்கங்கள் வழியாகக் கீழே மோசெலுக்கு 58 கிலோமீட்டர் உருண்டு வருவது பிள்ளைகளுக்குத் தனிக் கொண்டாட்டம். பேருந்தில் சைக்கிளுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ரைன் இருக்கையில் மோசெல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை ரைன் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ பட்டியலில் 2002 முதல் இருக்கிறது, கோட்டைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு கரையிலும் நெடுஞ்சாலை, இரண்டு கரையிலும் சரக்கு ரயில், இரவில் தூக்கம் கெடும். முதல் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பவேரியாப் பக்கத்துக்காரர்களுக்கு மைன் நதியும் ரோதன்பர்கிலிருந்து வெர்ட்ஹைம் வரை போகும் டௌபர் பள்ளத்தாக்கும் கிட்டே இருக்கின்றன. டௌபர் நூறு கிலோமீட்டர், பிள்ளைகளுக்கு ஏற்றது. இன்னொரு தேர்வு ஆர் பள்ளத்தாக்கு. அங்கே 2021 ஜூலை வெள்ளத்தில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். பாலமும் பாதையும் ரயிலும் மறுபடி கட்டவேண்டி வந்த ஊர்கள் அவை. போகலாம், போய்ச் செலவழிக்கவும் வேண்டும், பாதை எது திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

எப்போது போவது? ஏப்ரலில் தோட்ட ஓரத்துச் செம்பீச் மரங்கள் பூத்திருக்கும், குளிரும் இருக்கும். ஜூலை ஆகஸ்டில் சிலேட்டுச் சரிவு அடுப்பாகக் காயும், பத்து மணிக்குள் பாதித் தூரத்தை முடித்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் பாதி வரை. இலையுதிர்கால விடுமுறை அதற்குள் வருகிற மாநிலத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அப்போது பாதையில் திராட்சை டிராக்டர்கள் குறுக்கே வரும், வழி விடுவது உங்கள் கடமை. அவர்களுக்கு ஆண்டு முழுக்கச் செய்த வேலை அந்த மூன்று வாரத்தில் வீடு சேர்கிறது. பழுத்த குலையைக் கைநீட்டிப் பறிக்க வேண்டாம், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். சாயங்காலம் தங்குகிற வீட்டில் கேட்டால் ஒரு கிண்ணம் தருவார்கள்.

தங்குவதற்குத் திராட்சைக்கார வீடுகளின் மாடி அறைகளைப் பாருங்கள். பெரிய ஹோட்டலுக்குக் கொடுப்பதை அவர்களுக்குக் கொடுங்கள். புறப்படும்போது நான்கு புட்டி சாறோ ஒயினோ வாங்கினால் அது இடைத்தரகர் இல்லாத விலை. கனமென்றால் வீட்டுக்கே பெட்டியாக அனுப்பிவைப்பார்கள். சில வீடுகளில் ஒரே ஒரு இரவுக்கென்றால் அறை தர யோசிப்பார்கள். ஜெர்மன் சைக்கிள் சங்கத்தின் 'பெட் உண்ட் பைக்' பலகை மாட்டிய வீடுகள் ஒரு இரவுக்கும் தந்தாக வேண்டும், சைக்கிளைப் பூட்ட அறையும் கொடுக்க வேண்டும். அறுவடைக் காலத்து அறைகள் கோடையிலேயே நிரம்பிவிடும், ஆகவே இந்த மடலைப் படித்து முடித்த கையோடு போனை எடுங்கள்.

கடைசியாக ரயில். ஜெர்மனி டிக்கெட் ஆளுக்குத்தான், சைக்கிளுக்கு அல்ல. ரைன்லாந்து-பால்ட்ஸ் மாநிலத்துக்குள் உள்ளூர் ரயில்களில் வாரநாளில் காலை ஒன்பது மணிக்கு மேலும், சனி ஞாயிறுகளில் நாள் முழுக்கவும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் மாநிலத்திலிருந்து அதுவரை வருவதற்கு மட்டும் சைக்கிள் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு குடும்பங்கள் சேர்ந்து போவதென்றால் பன்னிரண்டு சைக்கிளோடு ஒரே கதவில் போய் நிற்காதீர்கள். இரண்டு வண்டிகளாகப் பிரிந்து வாருங்கள், முதல் வண்டியில் வருகிறவர்கள் ட்ரியர் நிலையத்திலேயே மற்றவர்களுக்காகக் காத்திருக்கட்டும், சாம்பார் சாத டப்பா அவர்கள் பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்